மணமகள் அறைக் கண்ணாடி

“...கண்ணாடி மட்டும் எனக்கு முழுசா வேணுமுங்ணா. மத்ததெல்லாம் நீங்க எப்படி வேணா ஒடைச்சுக்கங்க” என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் கடப்பாரையோடு மணமகள் அறைக்குள் நுழைந்தேன்.

மைசூரில் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கென்று இருக்கிற சமுதாயக்கூடத்தைப் புதுப்பிப்பதாக முடிவாகியிருந்தது. இடிக்கிற வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினோம். முதல் வாரமே ஓடுகளை இறக்கிவிட்டதால் அறைகளுக்குள் வானம் வந்துவிட்டது. சுண்ணாம்புத் தூசி, கீழே இறங்கவே மனமில்லாததுபோல வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. எல்லோர் தலையும் வெளுத்துப்போய், யாருக்கு என்ன வயது என்றே தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கு ஊர், தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கம். இருபது வருஷமாக இந்த அறையில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர். கண்ணாடி ஆளுயரம். மரச்சட்டத்தோடு சுவரில் பூசிப் பதித்தது. ரசம் போய் அங்கங்கே கறுத்திருந்தது. ஓரம் நெடுக ஸ்டிக்கர் பொட்டுகள். முகம் கழுவப் போன பெண்கள் ஒட்டிவைத்துவிட்டு மறந்தவை.

“ரசம் போனதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு? ரெண்டு தட்டு தட்டினா வந்துடும்” என்றேன்.

“வந்துரும். நூறு துண்டா வந்துரும். உங்க மூஞ்சிய நூறு தடவ பாக்கற தெம்பு எனக்கில்லீங்ணா.”

டீ குடிக்கும்போது காரணத்தைச் சொன்னார். “எங்க கல்யாணம் மாதேஸ்வரன் மலையில, அவசரத்துல நடந்துச்சு. பொட்டு நேரா இருக்குதான்னு பஸ்ஸு கண்ணாடியிலதான் எட்டிப் பாத்தேன். ‘தள்ளும்மா, பின்னால வண்டி வருது’ன்னுட்டாரு டிரைவரு. இங்கயும் பொண்ணுகளுக்குப் பின்னால நின்னேதான் பாத்திருக்கேன். அவங்க உக்கார்ற எடத்துல நான் எப்படி உக்கார்றது? எங்க வீட்டுல மாட்டி, ஒரு நாளாச்சும் முன்னால உக்காந்து பாக்கோணும்.”

அதற்குப் பிறகு நான் கடப்பாரையைத் தொடவில்லை. உளியும் சின்னச் சுத்தியலுமாக மதியம்வரை சட்டத்தைச் சுற்றிக் கொத்தினேன். கீழே கூடத்து ஜமுக்காளங்களை மடித்துப் போட்டோம். நான் ஸ்டூல்மேல் நின்று மேல்பக்கத்தைத் தாங்கினேன். கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண் கீழ்ப்பக்கத்தைத் தாங்கினாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு முந்திக்கொண்டு வரும்.

சட்டத்தின் அடிப்பக்கம் சுவரைவிட்டு முன்னால் வர, கண்ணாடி மெல்ல மேல்நோக்கிச் சாய்ந்தது. சாயச் சாய, அதற்குள் வானம் ஏறியது. ஒரு மேகம் அந்தப் பொட்டுகளுக்கு நடுவே நிதானமாக நடந்து போனது. நான் ஏதோ ஒரு குளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று தோன்றியது. மேகத்தைப் பார்த்தபடியே இருந்துவிட்டேன். கை வழுக்கியது.

“பிடி! பிடி!” என்று கத்தினேன்.

அந்தப் பெண் சட்டென்று இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.

கன்னடத்தில் கிட்டத்தட்ட அதே ஓசைக்கு ‘விடுங்கள்’ என்று அர்த்தம். ஒரு சாண் உயரம்தான். ‘டொப்’பென்று ஜமுக்காளத்தில் இறங்கியது கண்ணாடி.

“ஏம்மா விட்டே?”

“நீங்கதானே அங்கிள் பிடின்னீங்க!”

“பிடின்னுதானே சொன்னேன்!”

“அதுக்குத்தான் விட்டேன்!” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலருகே அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். “போச்சுங்ளா?” என்றார், திறக்காமலே.

நிமிர்த்திச் சுவரில் சாய்த்துப் பார்த்தோம். கீழ் மூலையில் உள்ளங்கை அளவு பெயர்ந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, பொட்டுகள் உட்பட.

“ஸாரி ஆன்ட்டி.”

“மூலைதானே கண்ணு, விடு. அங்க காலுதான் தெரியும். என் பித்தவெடிப்பு கொஞ்சம் கம்மியாத் தெரியட்டும்.”

வீட்டுக்குக் கொண்டுபோக ஆட்டோவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவர் முந்தானையால் கண்ணாடியில் ஒரு முக அளவுக்குத் தூசியைத் துடைத்தார். மண் அள்ளும் இரும்புச் சட்டியைக் காலால் இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்.