மாரியாயி காட்டிய சிவப்புக்கொடி

ஸ்ரீரங்கத்துக்கு மேலே போர் விமானம் இரைந்துகொண்டு போனால் மற்ற வீடுகளில் காதைப் பொத்திக்கொள்வார்கள். மாரியாயி வீட்டில் மட்டும் சண்டை தொடங்கும்.

“போகுது பாரு, நான் அனுப்பின எண்ணெய்ல!” என்பார் அவள் கணவர் தங்கையன்.

“நான் கேட்டை மூடி வழி விடலேன்னா உங்க எண்ணெய் எங்கங்க போயிருக்கும்?” என்பாள் மாரியாயி.

இருவருக்குமே ரயில்வேயில் வேலை. தங்கையன், சரக்கு வேகன்களைக் கோத்து அனுப்பும் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். மாரியாயி தஞ்சாவூர்ப் பாதையில் கேட் கீப்பர். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு எரிபொருள் கொண்டுபோகும் டேங்கர் வண்டி அவர் கையிலிருந்து கிளம்பி, அவள் கண்முன்னால்தான் போயாக வேண்டும். திருவெள்ளறையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவள் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. தலைக்கனம் கொஞ்சம் உண்டு, இருந்தால்தான் என்ன? வண்டி கடந்து முடியும்வரை பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்பாள். கேட்டில் நிற்கும் பைக் ஓட்டிகள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள்.

போன தை மாதம் ஒரு காலையில் டேங்கர் வண்டி வந்தது. எஞ்சின் தாண்டிவிட்டது. நடுவில் ஒரு வேகனின் சக்கரத்தடியிலிருந்து புகை, கூடவே கருகல் வாடை. மேலே இருப்பதோ விமான எரிபொருள். மாரியாயி பச்சையைக் கீழே போட்டுவிட்டுச் சிவப்புக்கொடியை விரித்து, கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு ஆசீரைப் பார்த்து வீசினாள். அவர் வாக்கிடாக்கியில் டிரைவரிடம் கத்த, வண்டி கிறீச்சிட்டு நின்றது.

ஆசீர் ஓடிப்போய்ப் பார்த்தார். யார்டில் நிற்கும் வேகன் உருண்டுவிடாமல் இருக்கக் கை பிரேக்கை இறுக்கி வைப்பார்கள். கிளம்பும்முன் தளர்த்த வேண்டும். இந்த ஒன்றை மட்டும் தளர்த்தாமலே விட்டிருந்தார்கள். பிரேக் கட்டை உரசி உரசிக் கொதித்துக் கிடந்தது. அதைத் தளர்த்திவிட்டு ஆசீர் கேட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

“அக்கா, இன்னிக்கு யார்டில பிரேக் பாத்தது நம்ம தங்கையன் அண்ணன்தான்.”

மாரியாயி கீழே கிடந்த பச்சைக்கொடியை எடுத்துச் சுருட்டினாள்.

“புகை மாதிரி தெரிஞ்சுதுன்னு மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன். இத்தனை வருஷம் அவர் எடுத்த நல்ல பேரு போயிடும்க்கா.”

போன் அடித்தது. ஸ்டேஷன் மாஸ்டர்தான். மாரியாயி எடுத்தாள்.

“புகை வந்துச்சு சார். கை பிரேக்கை யார்டில தளர்த்தாம விட்டிருக்காங்க. கார்டு இங்கதான் நிக்கிறாரு, தரேன்.”

தங்கையனை யார்டிலிருந்து எடுத்து மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான். மாரியாயி குழம்பு தாளிக்கும் சாக்கில் அழுதாள். கணவரை நினைத்து வருத்தமாகத்தான் இருந்தது. தப்பு செய்துவிட்டதாக மட்டும் ஒருபோதும் தோன்றவில்லை.

பயிற்சி முடிந்து அவர் திரும்பிய வாரம் இருவரும் காந்தி மார்க்கெட்டுக்குப் போனார்கள். வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே விமானம் இரைந்தது. கடைக்கார ரஃபீக்குக்கு இவர்கள் சண்டை பழக்கம்.

“என்னண்ணே, உங்க எண்ணெய் போகுது போல?”

தங்கையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இல்லப்பா. புதுசா வேலைக்கு வந்தவங்ககிட்ட ‘என் எண்ணெய், என் எண்ணெய்’னு பீத்திக்கிட்டே நடந்துதான் அந்த ஒரு பிரேக்கைத் தளர்த்தாம விட்டேன். அந்த எண்ணெய் வழியிலயே எரிஞ்சிருக்கும். வண்டியை நிறுத்தி, புருஷன்னுகூடப் பாக்காம உள்ளதச் சொன்னா பாரு, அவ அனுப்பின எண்ணெய் இது.”

ரஃபீக் தராசைக் கீழே வைத்துவிட்டு மாரியாயியைப் பார்த்தார். அவள் வெங்காயப் பையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் நடந்த நடைக்கு மார்க்கெட் சந்து போதவில்லை.