பாட்டுக்காரன் டைரியில் என் மகன் போட்ட கோடுகள்

அந்தப் புத்தகத்தை முதலில் கையில் எடுத்தபோது எனக்குப் பயமெல்லாம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. செங்கல் கனத்தில் ஒரு இங்கிலீஷ் புத்தகம், என் மகனுடைய தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருலே இது?"

"ராக் பாடகன்ம்மா. செத்துப்போயிட்டான். அவனுக்க டைரி."

"டைரியா? அவன் அவனுக்குன்னு எழுதி வச்சத எவனுக்கு என்னத்துக்குக் காட்டணும்?"

"அவனுக்க வீட்டுக்காரங்க சம்மதிச்சுதான் புக்காப் போட்டிருக்கு."

"நல்ல வீட்டுக்காரங்க! செத்தவனுக்க பெட்டியக் குடைஞ்சு சந்தைக்குக் கொண்டுவந்துட்டு, சம்மதமாம்."

அவன் சிரித்தான். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால்தான் அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது.

எனக்குத் தக்கலையில் தாலுகா ஆபீசில் வேலை. வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டில் நானும் மகனும் மட்டும்தான். அவன் படிப்பை முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தான். அது சம்பளத்துக்கு. உயிர் என்னவோ கிட்டாரில்தான். எங்கள் சபையின் பாடகர் குழுவில் ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பான். வயசாளிகள் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது அவன் வராத ஞாயிற்றுக்கிழமை, "எங்க பிள்ளே ஓமக்க மவன்?" என்று அவர்களே கேட்பார்கள்.

படுக்கை விரிப்பு மாற்றும்போது ஒருநாள் அந்தப் புத்தகம் கைதவறி விழுந்து விரிந்தது. ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. பக்கத்தைப் புரட்டினேன், இன்னொரு கோடு. ஆபீஸ் இங்கிலீஷை வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லுக்குப் போனில் அர்த்தம் பார்த்து, கோடு போட்ட வரிகளை வாசித்தேன். 'இது நின்றால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.' 'இன்னொரு இரவை இப்படி என்னால் கழிக்க முடியாது.' 'முழு மௌனம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது.' 'யாரிடமும் சொல்லப்போவதில்லை.'

கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் கோடு போடுவது சும்மா இல்லை. வேதப்புத்தகத்தில் ஒரு வசனத்துக்குக் கீழே கோடு போட்டால், அது ஆண்டவர் உனக்கே உனக்கென்று தந்த வசனம். பரீட்சைக்கு முன்னால் ஒரு கோடு, பிரசவத்துக்கு முன்னால் ஒரு கோடு, விசா வர வேண்டி ஒரு கோடு. ஒருவர் இறந்துபோனால் வீட்டுக்காரர்கள் முதலில் தேடி எடுப்பது அவருடைய வேதப்புத்தகத்தைத்தான். அவர் கோடு போட்ட வசனங்களில் ஒன்றை அடக்க அறிவிப்பில் போடுவோம், கல்லறைக் கல்லில் வெட்டுவோம். என் மாமனார் கல்லில் இருப்பதும் அப்படி ஒரு வரிதான். நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதனால் கோட்டைக் கண்டால் கோடு போட்டதை மட்டும் வாசித்தே எனக்குப் பழக்கம். மேலே என்ன, கீழே என்ன என்று பார்க்க மாட்டேன்.

என் கண்ணுக்கு அந்த வரிகள் எல்லாம் கல்லில் வெட்ட வேண்டிய வரிகளாகவே தெரிந்தன. இவன் வேதப்புத்தகத்தை விட்டுவிட்டு, செத்தவன் டைரியிலிருந்து தனக்கான வசனத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறான்!

அந்தப் பாடகன் எப்படிச் செத்தான் என்று போனில் தேடினேன். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். மகன் பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரமாகப் பார்த்து, கடைசிப் பக்கங்களை ஒரு வரி விடாமல் வாசித்தேன். கோடு அந்தப் பக்கங்கள் வரை வரவில்லை. வாசித்தால் ஒன்றுமில்லை. கிட்டார் கம்பி வாங்க வேண்டும், வெந்நீர் வரவில்லை, பக்கத்து வீட்டு நாய் மெலிந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் தாள். அந்த வெறும் தாளையும் படம் பிடித்து அச்சுப் போட்டிருந்தார்கள், பாவிகள். நான் அதையும் உற்று உற்றுப் பார்த்தேன்.

அன்று முதல் என் வீட்டிலேயே நான் உளவாளி ஆனேன். அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டு, "துருப்பிடிச்சுப் போச்சு மக்கா" என்று பொய் சொன்னேன். குளியலறைக்குள் போனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் கதவைத் தட்டி, "சோப்பு இருக்கா? தண்ணி வருதா?" என்று கேட்டேன். "அம்மா, உனக்கு என்னதான் வேணும்?" என்று உள்ளேயிருந்து கத்துவான். கத்தினால் நிம்மதி. கத்தாவிட்டால் மறுபடியும் தட்டுவேன்.

பார்க்கப் பார்க்க எல்லாமே அடையாளமாகத் தெரிந்தது. வெளியே மழை கொட்டுகிறது, இவன் அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. "குளிருக்குள்ள என்னத்துக்குலே ஃபேனு?" என்றால், "கெடக்கட்டும்மா." சாப்பாடு குறைந்தது. கூப்பிட்டால் காதில் விழாதவன்போல் இருந்தான். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. சனிக்கிழமை நான் தோசைக்கு மாவு ஆட்டும்போது, கிரைண்டர் சத்தத்துக்கே வீட்டைவிட்டு ஓடுகிறவன், இப்போது வந்து அடுக்களைத் தரையில், கிரைண்டருக்குப் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தான். பேச மாட்டான். மாவு ஆட்டி முடியும்வரை என்னோடு உட்கார்ந்திருப்பான். முதல் தடவை, பிள்ளைக்கு அம்மாமேல் பாசம் பொங்கிவிட்டதே என்று பூரித்துப்போனேன். இரண்டாம் தடவை, விட்டுப்போகப்போகிறவர்கள்தானே இப்படித் திடீரென்று வந்து ஒட்டுவார்கள் என்று தோன்றியது. கண்ணீர் மாவில் விழாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டே ஆட்டினேன்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வாய் வரவில்லை. கேட்டு, அவன் 'ஆமா' என்று சொல்லிவிட்டால்? பிறகு நான் எங்கே போவேன்?

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "எழவு, ஒரு புஸ்தகம் வாசிச்சதுக்கா நீ இப்பிடிக் கெடந்து பொலம்புத?" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. மறுநாளிலிருந்து தினமும் மகனைக் கூப்பிட்டு வானிலை விசாரிக்க ஆரம்பித்தார். மனுஷனுக்குக் கேட்க வேறு தெரியவில்லை.

கடைசியில் மைனியிடம் சொல்லி அழுதேன். மைனி என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலர்.

"யார்ட்டயும் சொல்லிராதிங்க மைனி."

"நான் யார்ட்ட பிள்ளே சொல்லப்போறேன்? ஆண்டவர்ட்ட சொல்லுவேன்."

ஆண்டவரிடம் சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. அது பெண்கள் ஐக்கிய சங்கம் வழியாகத்தான் போகும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மைனி அதை ஜெபக்குறிப்பாகக் கொடுத்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அழுதுகொண்டேதான் கொடுத்தாராம். அங்கிருந்து அது போதகர் கைக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயில் நிறைந்திருந்தது. கரண்ட் போய், பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. விண்ணப்ப ஜெபத்தில் போதகர் நோயாளிகளுக்காக ஜெபித்தார், கடலுக்குப் போனவர்களுக்காக ஜெபித்தார். பிறகு என் மகனுடைய பேரைச் சொன்னார். வீட்டுப் பேரையும் சேர்த்துச் சொன்னார். "சாவைப் பற்றிய எண்ணத்தில் சிக்கியிருக்கிற இந்த வாலிபத் தம்பியை விடுவியும் ஆண்டவரே" என்றார், மைக்கில்.

ஜெபத்தில் கண் திறக்காத சபை அன்றைக்குக் கண் திறந்தது. எல்லாத் தலையும் பாடகர் குழுவின் பக்கம் திரும்பியது. என் மகன் கிட்டாரோடு நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைத் தேடிப் பார்த்தான், ஒரே ஒரு பார்வை. பிறகு வயரைப் பிடுங்கினான். ஸ்பீக்கரில் 'டொப்' என்று ஒரு சத்தம். கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டான்.

நான் எழுந்து ஓடினேன். மைனி கையைப் பிடித்தார், உதறிவிட்டேன். வாசலில் அவனுடைய செருப்பு கிடந்தது. பைக்கும் நின்ற இடத்தில் நின்றது. செருப்பில்லாமல் எங்கே போவான்? போதகர் வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது. அது ஞாபகம் வந்ததும் என் காலுக்கு வந்த வேகம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கைப்பிடிச் சுவரில் வயிறு மோத எட்டிப் பார்த்தேன். உள்ளே என் தலைதான் தெரிந்தது. தண்ணீர் அசையவில்லை. அசையாததே எனக்குப் பயமாக இருந்தது. "மக்கா! ஏ மக்கா!" என்று கிணற்றுக்குள் பார்த்துக் கூப்பிட்டேன். எனக்கு வெட்கமே வரவில்லை.

திரும்பும்போதுதான் ஜெனரேட்டர் கொட்டகைக்குள் வெறுங்கால் இரண்டு தெரிந்தது.

சுவரில் சாய்ந்து, ஜெனரேட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தான். புகையும் சூடும். அந்தச் சத்தத்தில் என் பல்லே அதிர்ந்தது. அவனோ கண்ணை மூடிக்கொண்டு, முகம் தளர்ந்து, கிரைண்டர் பக்கத்தில் உட்காருவானே, அதேபோல உட்கார்ந்திருந்தான். நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தான்.

"சாகப்போறேன்னு நான் உங்கிட்டச் சொன்னேனா?" என்று கத்தினான். கத்தினால்தான் கேட்கும் அங்கே.

"நீ கோடு போட்டிருந்தியேலே!" நானும் கத்தினேன். "அந்தப் புக்குல! நின்னாப் போதும்னு! இன்னொரு ராத்திரி முடியாதுன்னு!"

அவன் என்னையே பார்த்தான். "அதுக்கு மேல வரிய வாசிச்சியா?"

நான் வாசிக்கவில்லை.

"காதும்மா! அந்த ஆளுக்குக் காதுல சத்தம்! ராவும் பகலும் 'ஙொய்'னு ஒரு சத்தம்! அதத்தான் நின்னாப் போதும்னு எழுதியிருக்கான்!" பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான். சத்தத்தில் கேட்கவில்லை. நான் காதை அவன் வாய்ப்பக்கம் கொண்டுபோனேன்.

"எனக்கும் இருக்கும்மா. ஆறேழு மாசமா."

மின்விசிறியும் கிரைண்டரும் எனக்கு அப்போதுதான் விளங்கின. அந்தச் சத்தத்தை அமுக்க வேறொரு சத்தம் தேடி என் பிள்ளை வீடெல்லாம் அலைந்திருக்கிறான். நான் அதைப் பாசம் என்றும் சாவு என்றும் மாற்றி மாற்றி வாசித்திருக்கிறேன்.

"சொல்லப்பிடாதாலே பாவி!"

"சொன்னா கிட்டாரத் தொடப்பிடாதும்பிய. டாக்டரும் அதத்தான் சொல்லுவாரு." கோயில் பக்கம் கையைக் காட்டினான். "அந்த ஆளையாவது செத்த பொறவுதான் அச்சுல போட்டானுவ. நீங்க எல்லாருமா சேந்து என்ன உசிரோட போட்டுட்டிய."

அவன் தலையை என் மடியில் அமுக்கிக்கொண்டேன். விலகவில்லை.

அப்போது கரண்ட் வந்தது. கோயில்பிள்ளை, ஆலய வேலை பார்க்கிறவர், வந்து எங்களைப் பார்த்தும் பார்க்காததுமாக ஜெனரேட்டரை அணைத்துவிட்டுப் போனார். சத்தம் அடங்கியது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. மடியில் இருந்த அவன் முகம் சுருங்கியது, பல்வலிக்காரன் முகம்போல.

"இப்ப கேக்குதா?"

"ம். இப்பத்தான் நல்லாக் கேக்கும்." தலையைத் தூக்காமலே, "அம்மா, நீ அந்தப் புக்கக் கடைசிப் பக்கம்வர வாசிச்சியா?" என்றான்.

"வாசிச்சேன்."

"நான் பாதியில நிறுத்திட்டேன். பயமாப் போச்சு. நான் வாசிச்சது வர அந்த ஆளு யார்ட்டயும் சொல்லல்ல. அதுக்குப் பொறவு யார்ட்டயாவது சொன்னானா?"

அந்த வெறும் தாள் ஞாபகம் வந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

"இல்ல மக்கா. கடசிவர யார்ட்டயும் சொல்லல்ல. நீ எங்கிட்டச் சொல்லிட்டல்லா."

உள்ளே அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள். கிட்டார் இல்லாமல் வெறும் ஆர்கன். நாளைக்கு லீவு போட்டு இவனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், மைனியை நாலு வார்த்தை கேட்க வேண்டும், என்னை நானே கேட்க வேண்டியது தனி. எல்லாம் மனதில் ஓடியது. வாயில் வந்தது வேறு.

"அது எப்பிடி இருக்கும் மக்கா? எனக்கும் கேக்கணும்."

பாட்டுக்காரன் அல்லவா, அவனுக்கு அது எந்தச் சுரம் என்று தெரிந்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டை மூடி, மெல்லியதாய், உச்சத்தில், ஆடாமல் அசையாமல் ஒரே சுரத்தை இழுத்தான். கொட்டகைத் தகரம்கூட அதற்கு லேசாக அதிர்ந்தது. அவன் நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. போதும் மக்கா, போதும் என்று நான் கையை அழுத்தினேன்.

மூச்சு தீர்ந்து நிறுத்தினான். எனக்கு நின்றுவிட்டது. அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான்.