நெல்லுக்குள் புதைந்த கைக்கணினி

என் அக்காளின் கைக்கணினி ஈரமான கதை உறவினரிடையே இப்போது பலவிதமாக வழங்குகிறது. ஒருவர் சொன்னால் அது அருவிக்குள் விழுகிறது. இன்னொருவர் சொன்னால் குரங்கு பறித்துக்கொண்டு ஓடுகிறது. கலியாண வீடுகளில் குரங்குக்கே வரவேற்பு அதிகம். ஆகவே நான் கண்ணால் கண்டதையும், அக்காளின் கணவரான அத்தானிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். குரங்கு கிடையாது.

அத்தான் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்று, கடையத்தில் வயல் பார்த்துக்கொண்டிருந்தவர். எந்தக் கருவியையும் கையில் தூக்கிப் பார்த்தே மதிப்பிடுவார். கனம் இருந்தால்தான் அவருக்கு அது சாமான். அந்த நம்பிக்கையில் அவர் வாங்கிய மேசைக்கணினி, உள்விசிறி இரைய, கூடத்தின் மூலையில் அமர்ந்திருந்தது. அக்காளோ ஒரு கையில் ஏந்தக்கூடிய, ‘டேப்’ என்னும் கைக்கணினி ஒன்றை வாங்கினாள். மாலைகளில் இரண்டுக்கும் போட்டி நடக்கும்.

“ஒங்க யானை எந்திரிக்கதுக்குள்ள நான் நாளைக்கு மழை உண்டான்னே பாத்துட்டேன்” என்பாள் அக்காள்.

“அப்பளம் மாதிரி இருக்கு. அதுக்கு ஒரு பவுசு!” என்பார் அத்தான்.

செயலியின் வேகமோ நினைவகத்தின் அளவோ இருவருக்குமே தெரியாது. அபிப்பிராயத்தில் மட்டும் இருவருமே அசைந்து கொடுக்கமாட்டார்கள். அந்த வாக்குவாதத்தைக் கேட்பதற்காகவே நான் தென்காசியிலிருந்து பேருந்தேறிப் போவதுண்டு.

ஒரு சாரல் காலத்தில் மூவரும் ஐந்தருவிக்குப் போனோம். குளித்து வந்து நின்ற அக்காளை அத்தான் அந்தக் கைக்கணினியில் படம்பிடித்தார். அவள் ஈரக் கூந்தலை உதறுகிறாள், பிடிப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறாள், ஏதோ சொல்கிறாள். அவ்வளவுதான். அடுத்த சாரலுக்கு அவள் இல்லை. அவள் அசைந்து சிரிக்கும் படம் அது ஒன்றே. அதற்கு வேறு படி எடுத்துவைக்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அவள் இல்லாத அந்த ஆண்டும் ஐந்தருவிக்குப் போகவேண்டும் என்றார் அத்தான். அதே இடத்தில் நின்று அந்தப் படத்தைப் பார்க்க விரும்பினார். குளிப்பதற்காக எண்ணெய் தேய்த்திருந்த கையோடு உறையிலிருந்து கருவியை எடுத்தார். வழுக்கிய விரலுக்குத் திரை பணியவில்லை. சாரல் துளிகளோ தாமே திரையைத் தட்டி, எதையெதையோ திறந்தன, மூடின. அவர் கையைத் துடைப்பதற்குள் அது அணைந்துவிட்டது.

ஈரமான கைபேசியை அரிசிக்குள் வைத்தால் சரியாகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அத்தான் அதைத் திருத்தினார். அரிசியைவிட நெல் நன்றாக வெயில் கண்டது என்பது அவர் வாதம். வீட்டில் இருந்த பிசானப் பருவத்து நெல் மூட்டைக்குள் கருவியைப் புதைத்துவைத்தார். மின்னேற்றும் துளைக்குள் நெல் உமியின் மெல்லிய முடியான சுணை புகுந்து அடைத்துக்கொண்டது.

தென்காசியில் பழுது பார்ப்பவர் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணாச்சி, உள்ள என்னது இது?”

“சுணை.”

“அரிசியிலதான போடச் சொல்லுதாவ?”

“அரிசி எதுக்குள்ள இருந்துவே வருது?”

“நல்லவேளை, வயல்ல நடாம விட்டீய” என்று சிரித்தபடியே அவர் தூரிகையை எடுத்தார். சுணையைக் கிளறி, உள்ளே துடைத்து, மின்னிணைப்புக் கொடுத்தார். நெடுநேரம் கழித்துத் திரை விழித்தது.

“உசுரு இருக்கு அண்ணாச்சி. ஆனா ரேம் கம்மி, பயங்கரமா இழுக்குது. உள்ள கெடக்கத எல்லாம் அழிச்சா சல்லுனு ஓடும். அழிச்சிரவா?”

அத்தான் கருவியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். “சல்லுனு ஓடி நான் எங்கவே போணும்?”

படம் உள்ளே அப்படியே இருந்தது. அதைப் படியெடுத்து மேசைக்கணினியிலும் சேர்த்தோம். அந்தக் கனத்த கணினியில் படம் தடையின்றி ஓடி முடிகிறது. கைக்கணினியில் திணறித் திணறி ஓடுகிறது. உதறிய கூந்தல் அந்தரத்தில் நிற்கிறது, சிரிப்பு பாதியில் நின்று பிறகு தொடர்கிறது. அத்தான் கைக்கணினியில்தான் பார்க்கிறார். காரணம் கேட்டேன்.

“அங்கன சட்டுனு முடிஞ்சிருது, மாப்ள. இங்கன கொஞ்சம் நின்னு போறா.”

இனி, தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். சிரித்தபின் அக்காள் சொன்ன சொற்கள் அருவி இரைச்சலில் பதிவாகவில்லை. அத்தானுக்கு அவை நினைவில் இல்லை. அருகில் நின்ற எனக்கும் அன்று கேட்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்பது தெரியாது.