ஆடாத முகம்

என் வீட்டுக்காரருக்குக் கை கால் இழுத்துக்கொண்ட பிறகு வாயில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. போடி.

தண்ணீர் வேண்டுமென்றாலும் போடிதான். வலித்தாலும், மகள் வந்து கன்னத்தில் முத்தம் கொடுத்தாலும் போடி. மாதா கோயில் சாமியார் நன்மை அப்பம் கொடுக்க வீட்டுக்கு வந்தபோது அவரையும் பார்த்து போடி என்றார். சாமியார் சிரித்துவிட்டார். மூளையில் அடிபட்டால் இப்படி ஆவது உண்டு, அதிகம் புழங்கின வார்த்தை மட்டும் தங்கிப் போகும் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சீட்டு எழுதினார். முப்பத்து மூன்று வருஷக் கல்யாணத்தை வேறு யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டினவர். ராயபுரத்தில் எங்கள் தெருவில் நல்ல உயரம், நல்ல குரல். என்னை அடிப்பார். தினமும் இல்லை. அதைச் சொல்லி அனுதாபம் கேட்க இதை எழுதவில்லை, ஆனால் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நான் யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தேன். எல்லோர் முன்னாலும் ஓர் அறை விழுந்தது. கம்மல் தெறித்து எங்கோ போனது. சுற்றி நின்றவர்கள் குனிந்து கம்மலைத் தேடினார்கள். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் விழுந்து பத்து மாதத்தில் எனக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வயது முடிந்தது. இருபத்தைந்து வருஷம் அங்கே செக்கர். சட்டையைப் பிரித்து, தையலைப் பார்த்து, பிசிறு இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது வேலை. கடைசி நாள் மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலிருந்து ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, சக்கர நாற்காலியில் அவர், எதிரே நான்.

கோயில் ஹாலில் சனிக்கிழமை மதியம் டிராயிங் கிளாஸ், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பூசை முடிவில் அறிவித்தார்கள். நான் போனதற்குக் காரணம் டிராயிங் இல்லை. சனிக்கிழமை மதியம் மகள் வந்து அவரைப் பார்த்துக்கொள்வாள், இரண்டு மணி நேரம் வெளியே இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. சின்ன வயதிலிருந்தே ஆசையா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. சின்ன வயதில் நான் கோலம்கூடச் சுமாராகத்தான் போடுவேன். ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை வருவதுபோல வந்தது இது.

டீச்சர் புளியந்தோப்பிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். பாதி வகுப்பு பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீதி என்னைப்போல நாலைந்து பேர். மற்றவர்கள் ரோஜாப்பூ வரைந்தார்கள், மாதா சுரூபம் வரைந்தார்கள். நானும் ஒரு ரோஜா வரைந்தேன். டீச்சர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஆன்ட்டி, இது காலண்டர்ல பாத்த பூ. நீங்க பாத்த பூ இல்ல. வீட்ல எது முன்னாடி கீதோ அத்த வரைங்க. ஆடாம அசையாம இருக்கிறது எதுனா எடுத்துக்குங்க, ஈஸியா வரும்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். சமையல்கட்டில் குக்கர் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரை ஆடியது. ஆடாமல் இருந்தது அவர் ஒருவர்தான்.

முதல் படம் கண்றாவியாக வந்தது. கண் ஒன்று நெற்றியில் ஏறிவிட்டது. ஆனால் அதை வரைந்த ஒரு மணி நேரம் எனக்கு என்ன ஆனது என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் முகத்தை நான் அவ்வளவு நேரம் நேராகப் பார்த்ததே கிடையாது. கோபமா இல்லையா என்று ஓரக்கண்ணால் பார்த்துத்தான் பழக்கம். இப்போது உட்கார்ந்து, கன்னம் எங்கே தொங்குகிறது, வலது கண் எவ்வளவு மூடியிருக்கிறது, உதட்டுக் கோணல் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தையல் பார்ப்பதுபோலப் பார்த்தேன். பிசிறு எங்கே என்று கண்டுபிடிக்கிற கண் எனக்கு ஏற்கெனவே இருந்தது. கை மட்டும்தான் பழக வேண்டியிருந்தது.

பழகியது. தினமும் வரைந்தேன். காலை பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும். நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துத் திருப்புவேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, பிடிக்கவும் இல்லை. முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்வார். நான் எழுந்து போய்த் தாடையைப் பிடித்துத் திருப்பி வைப்பேன்.

"போடி."

"ஆடாத."

கல்யாணமான நாளிலிருந்து அவரை நீங்க என்று கூப்பிட்டவள் நான். நீ என்று எப்போது மாறினேன் என்று எனக்கே நினைவில்லை. அவருக்கு நினைவிருந்திருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டால் மூடின கண்ணை வரைந்தேன். அழுதால் அதையும் வரைந்தேன். ஒருநாள் அவர் வாயோரத்தில் எச்சில் வழிந்து தாடைக்கு இறங்கியது. அதன்மேல் வெயில் பட்டு ஒரு கோடு பளபளத்தது. துண்டு என் மடியில்தான் இருந்தது. இடது கையை நீட்டி அவர் துண்டைக் கேட்டார்.

"இரு. முடிச்சிர்றேன்."

இருபது நிமிஷம் ஆனது. இன்னொரு நாள் அவர் லுங்கியிலேயே போய்விட்டார். வாடை வந்தது, எனக்குத் தெரிந்தது. அவர் கையை வரைந்துகொண்டிருந்தேன், கட்டைவிரல் மட்டும் பாக்கி. கட்டைவிரலை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்தக் கட்டைவிரல்தான் நான் வரைந்ததிலேயே நன்றாக வந்த ஒன்று. அப்போது என் மனசில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோபம் இல்லை. சந்தோஷமாக இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை எனக்கு நன்றாக வருகிறது என்ற சந்தோஷம்.

ஐந்து மாதம் கழித்து நோட்டுகளை டீச்சரிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பாதியில் திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"யாரு ஆன்ட்டி இது?"

"வூட்டுக்காரரு."

"இத்தினி நாள் எங்க இருந்தீங்கன்னு யாரும் உங்கள கேக்கலியா? இது சாதாரண கை இல்ல."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் சோறு தின்றேன். கோயில் திருவிழா வாரத்தில் ஹாலில் வகுப்பு மாணவர்களின் படங்களை மாட்டப் போவதாகச் சொன்னார் டீச்சர். ஒரு சுவர் முழுக்க என் படம் மட்டும் என்றார். பிறகு நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்.

"அவர் கிட்ட கேட்டீங்களா? மாட்டலாமான்னு?"

"கேட்டேன். சரின்னாரு."

யோசிக்காமல் வந்தது அந்தப் பொய். டீச்சருக்கு அவருடைய ஒற்றை வார்த்தை தெரியாது.

இருபத்திரண்டு படம் மாட்டினார்கள். அவரை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பாவம், வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார், திருவிழா பார்க்கட்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். கீழ்வீட்டு ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி மாடிப்படியில் இறக்கினார்கள். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பவுடர் பூசித்தான் கூட்டிப்போனேன். அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எதைப் பார்க்க வேண்டும் என்று அப்போது கேட்டிருந்தால் என் திறமையை என்று சொல்லியிருப்பேன்.

ஹாலுக்குள் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போய் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினேன்.

கூட்டம் இருந்தது. எங்கள் தெருக்காரர்கள், கோயில் பங்கு ஆட்கள், அவரோடு ஹார்பரில் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். எல்லோரும் படத்தைப் பார்ப்பார்கள், திரும்பி அவரைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். சரியாக வந்திருக்கிறதா என்று ஒத்துப் பார்த்தார்கள். வாயோரத்து எச்சில் படத்துக்கு முன்னால்தான் அதிகக் கூட்டம். ஒரு பொம்பளை அதைப் போனில் படம் எடுத்துவிட்டு, அவரையும் ஒன்று எடுத்தாள்.

ஹார்பர்காரர்களில் ஒருத்தர், அந்தக் காலத்தில் இவர் குரல் கேட்டாலே ஒதுங்கி நிற்பவர், குனிந்து இவர் தோளில் தட்டினார்.

"இன்னா நைனா, அச்சு அசலு நீயேதான். வாயி கோணிக்கினு கீறதுகூட அப்டியே வந்துகீது பாரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்ததாகச் சொல்ல முடியாது. படம் அவ்வளவு பொருத்தமாக இருந்ததில் வந்த சிரிப்பு.

அவர் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒரு கையால் பாதி முகத்தைத்தான் மறைக்க முடிந்தது. நல்ல பாதியை மறைத்துக்கொண்டு, இழுத்துக்கொண்ட பாதியை எல்லோருக்கும் காட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

என் விரல்கள் அசைந்தன. பென்சில் இல்லாமலே அந்தக் கையை எப்படி வரைவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை.

மகள் வேலை முடிந்து நேராக அங்கே வந்தாள். சுவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வீல்சேரைத் திருப்பி வெளியே தள்ளிக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். கோயில் வளாகத்தில் ராட்டினம் பக்கத்தில் நின்று என்னைக் கேட்டாள்.

"இன்னாம்மா பண்ணி வெச்சுக்கீற?"

"வரைஞ்சேன். வரையறது தப்பா?"

"அவரு உன்ன அடிச்சதெல்லாம் நான் பாத்துக்கீறேன். குறுக்க வந்து நானும் வாங்கிக்கீறேன். அதுக்கு இதா?"

"நான் அவர் மேல ஒரு அடி போட்டிருப்பனா? தொட்டிருப்பனா? பாக்கத்தான செஞ்சேன்."

"அவரும் இப்டித்தாம்மா சொல்வாரு. கை பட்டுருச்சி, நான் ஒண்ணும் பண்லியேன்னு."

அன்றைக்கே அவரைக் கொடுங்கையூரில் இருக்கும் தன் பிளாட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். மாத்திரை, பெட்பேன், வீல்சேர், இரண்டு லுங்கி. ஆட்டோ கிளம்பும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்து நாற்காலி இருந்த இடத்தைப் பெருக்கினேன். நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். தூங்கினேன்.

வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே மகள் என் பையை வாங்கி உள்ளே பார்ப்பாள். நோட்டு, பென்சில் இருந்தால் வெளியே செருப்புப் பக்கத்தில் வைத்துவிடுவாள். குப்பைமேட்டுப் புகை வந்தால் ஜன்னலை மூடியே வைத்திருப்பாள், அறை இருட்டாக இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பார்ப்பார். கை வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பார். முப்பது வருஷம் நான் அவர் கையை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

"தண்ணி வேணுமா?" என்று ஒருநாள் கேட்டேன். போடி என்றாவது சொல்ல மாட்டாரா என்று இருந்தது. திருவிழா அன்றிலிருந்து அந்த வார்த்தையும் போய்விட்டது என்று மகள் சொன்னாள். நான்காவது மாதம் இன்னொரு தடவை இழுத்துக்கொண்டது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே முடிந்தது.

அடக்கத்துக்கு டீச்சர் வந்திருந்தார். பெட்டி பக்கத்தில் வெகுநேரம் நின்று அவர் முகத்தைப் பார்த்தார். மகளோடு ஏதோ பேசினார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"நெஜமா கேட்டீங்களா ஆன்ட்டி?"

"இல்ல."

தலையை ஆட்டினார். என் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை ஹாலுக்குப் போனபோது எனக்கு வழக்கமான நாற்காலி போட்டிருந்தது, ஆனால் டீச்சர் என் பக்கம் வரவே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் யானைகளையும் தென்னைமரங்களையும் திருத்திக்கொண்டிருந்தார். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் நானாக நின்றுவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் மகள் வந்து படங்களைக் கேட்டாள். எரிக்கப் போவதாகச் சொன்னாள். பதினொன்று எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதானா என்றாள். மீதியை நானே கிழித்துவிட்டேன் என்றேன். நம்பினாள். அவள் பார்வையில் கொஞ்சம் இளகல் தெரிந்தது. கட்டைவிரல் வரைந்தது, எச்சில் வரைந்தது, நல்லதாகப் பதினொன்று, மெத்தைக்கு அடியில் இருக்கின்றன. எனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனாலும் கொடுக்க மாட்டேன்.

இப்போது காலையில் காசிமேடு போகிறேன். படகு வந்து ஏலம் நடக்கும் இடத்தில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். மீன்காரிகளின் முகம் எனக்குப் பிடிக்கும், ஒரு நிமிஷம் இருக்கிற மாதிரி அடுத்த நிமிஷம் இருக்காது. வரையட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டைத் திறக்கிறேன். சில பேர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்கள். போன வாரம் நெட்டுக்குப்பத்திலிருந்து வருகிற ஓர் அம்மா, ஒரு கண் வெளுத்துப் போனவள், கூடையைத் தூக்கிக்கொண்டே கத்தினாள்.

"என் மூஞ்சி உனக்கு வேடிக்கையா? போய் உன் மூஞ்ச வரைஞ்சுக்கோ போ."

மன்னிப்புக் கேட்டு நோட்டை மூடினேன். அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டேன் என்று சொல்கிறவர்களின் முகம்தான் எனக்கு நன்றாகப் பதிகிறது. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கண்ணை வரைந்து முடித்தேன்.