ஹெட்லைட்டுக்குள் தங்கிய ஈரம்

போன வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கார் பார்க்க வந்த மனிதர், கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருப்பவர். என்ஜின் சத்தத்தைக் கேட்டார். திருப்தி. டயரை உதைத்துப் பார்த்தார். அதுவும் திருப்தி. (கார் வாங்க வருகிற எல்லோரும் ஏன் டயரை உதைக்கிறார்கள்? உதைத்தால் அது என்ன சொல்லிவிடும்?) கடைசியாக முன்பக்கம் வந்து குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இடதுபக்க ஹெட்லைட். கண்ணாடிக்கு உள்பக்கம், சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்த மாதிரி... முத்து முத்தாகத் தண்ணீர்!

"என்னா சார், வெள்ளத்துல முங்குன வண்டியா?"

"ஐயய்யோ, அதெல்லாம் இல்லீங்க. சும்மா பனி."

"நம்ம பக்கம் வருஷா வருஷம் தண்ணி பாக்குறோம் சார். லைட்டு வரைக்கும் ஏறுன தண்ணி என்ஜின மட்டும் வுட்டு வச்சிருக்குமா? நான் புள்ளகுட்டிக்காரன். வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

கார் என்னுடையது இல்லை. என் மனைவியின் தம்பி சேகருடையது. ஷார்ஜாவில் ஏசி ரிப்பேர் வேலை. போன லீவில் வந்தபோது இந்தப் பழைய காரை வாங்கினான். தன் மனைவி வளர்மதியைப் பக்கத்தில் உட்காரவைத்து கிள்ளை, பிச்சாவரம் என்று ஒரு மாதம் சுற்றினான். லீவு முடிந்தது. அவன் விமானம் ஏறினான். கார், கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில், வீட்டு வாசலிலேயே உறைக்குள் போய்விட்டது. வீட்டில் இப்போது இரண்டே பேர்: வளர்மதியும் என் மாமியாரும்.

இந்த வருஷம் வந்துவிடுவான் என்று பார்த்தால், இன்னும் இரண்டு வருஷம் இருப்பதாகக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டான். "வண்டி சும்மா நின்னு வீணாப் போவுது மாமா. நீங்களே பாத்து வித்துக் குடுத்துடுங்க" என்று கடலூரில் சிவனே என்று இருந்த என் தலையில் கட்டிவிட்டான்.

விற்க விட்டால்தானே அந்த ஹெட்லைட்!

ஒரு மாதத்துக்கு முன்பு முதல் தடவை பார்த்தபோது எனக்கு விவரம் போதவில்லை. வெளியே துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி பளபளத்ததே தவிர, உள்ளே இருந்த தண்ணீர் என்னைப் பார்த்துச் சிரித்தது. கடலூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். "லைட்டுக்குப் பின்னாடி ரப்பர் மூடி ஒண்ணு இருக்கும் சார். அத கழட்டிட்டு, பல்ப போட்டு வுடுங்க. சூட்டுல காஞ்சிரும். அப்பறம் மூடிய இறுக்கமா மாட்டுங்க" என்றார். இதற்குள் ஊரே வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியில் ஓட்டை போடச் சொன்னார். என் அலுவலக நண்பர் உள்ளே ஒரு பிடி அரிசி போடச் சொன்னார். அரிசியா? ஹெட்லைட்டில் பொங்கலா வைக்கப் போகிறேன்?

மெக்கானிக் சொன்னபடியே செய்தேன். போதாததற்கு, என் மனைவி தலை காயவைக்கும் டிரையரையும் கொண்டுபோய் அடித்தேன். வளர்மதி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடி பளிச்சென்று ஆனது. மூடியை அழுத்தி மாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனால்... மறுபடியும் முத்து முத்தாக! மறுபடியும் டிரையர். அதற்கடுத்த வாரமும் அதே கதை. ஒரு லைட் மட்டும் எப்படி இப்படி வியர்க்கும்?

உரக்கடைக்காரர் போனதும் எரிச்சலோடு பானட்டைத் திறந்தேன். இடதுபக்க லைட்டின் ரப்பர் மூடி அதன் இடத்தில் இல்லை. பேட்டரி மேல் இருந்தது. கழன்று விழுந்த மாதிரி இல்லை. பூஜை சாமான்போல் துடைத்து, நேராக வைத்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வளர்மதி கையில் வாளியோடு நின்றிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் காரைக் கழுவுவது அதன் வழக்கம்.

"ஏம்மா... மூடிய கழட்டிட்டுத்தான் கழுவுறியா?"

வாளியைக் கீழே வைத்தது.

"வாங்க வர்றவன் ஓடணும்னே தண்ணிய வுட்டியா?"

"நீங்கதானேண்ணே கழட்டிக் காட்டுனீங்க" என்றது தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, விக்க வேணாம்னு அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஏன் வேணாம்னு கேப்பாருல்ல? என்னான்னு சொல்றது?" கார் கதவில் இருந்த தூசியை விரலால் துடைத்தது. "வண்டியும் போயிட்டா, அவுரு எங்கிட்ட என்னத்தண்ணே கேப்பாரு?"

எனக்குப் புரியவில்லை. பத்து நிமிஷத்தில் புரிந்தது. கூடத்தில் செல்போன் அடித்தது, உள்ளே போனோம். வெள்ளிக்கிழமை சேகருக்கு அங்கே விடுமுறை, அன்றுதான் பேசுவான். மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் எப்போதும் ஸ்பீக்கர். கூடத்தில் எல்லோருக்கும் நடுவில்தான் புருஷன் பெண்டாட்டி பேச்சு.

"என்னா, வண்டி கழுவியாச்சா?"

"இனிமேதான்."

"டயர்ல காத்து?"

"இருக்கு. பின் டயர்ல மட்டும் கொஞ்சம் கம்மி."

"வெயில் நேரா படுதா?"

"உறை போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"ம்... உறை பத்தரமா இருக்கா? கிழிசல் எதுவும் இல்லையே?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். அவன் கேட்டது டயரையா? வளர்மதி சொன்னது உறையையா? நம் வீடுகளில் ஏக்கத்தைச் சொல்ல யாரும் தனியாக வார்த்தை வைத்துக்கொள்வதில்லை. கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், தண்ணீர் மோட்டார்... எதன் பெயரையாவது இரவல் வாங்கித்தான் சொல்லிக்கொள்கிறோம். இந்த இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரு கார். அதை விற்றுக் கொடுக்கத்தான் நான் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தேன்!

"கழுவி முடிச்சா முன் சீட்டுல போயி உக்காந்துக்குவா மாப்பிள்ள" என்று மாமியார் என்னிடம் புகார் சொன்னார். ரகசியம் என்று நினைத்து உரக்கவே சொன்னார். "வண்டி எங்கியும் நவுராது. ஆனா எறங்கும்போது பாக்கணுமே, கிள்ள வரைக்கும் போயிட்டு வந்தவளாட்டம் எறங்குவா."

ஷார்ஜாவுக்கும் கேட்டுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "மாமா இருக்காரா?" என்றான்.

"இருக்கேன் மச்சான்."

"அந்த சேத்தியாத்தோப்பு பார்ட்டி வந்தாரா? என்னா சொன்னாரு?"

வளர்மதி என்னைப் பார்த்தது. ரப்பர் மூடி இன்னும் என் கையில்தான் இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"லைட்டுல பனி புடிச்சிருக்குன்னு ஓடிட்டாரு மச்சான். நானும் எல்லா வைத்தியமும் பாத்துட்டேன். இது என்னால ஆவாது. நீ வந்து பாத்தாத்தான் சரியாவும்."

"நான் வந்தா... லைட்டு சரியாயிடுமா மாமா?"

"ஆயிடும்."

அப்போதுதான் வளர்மதி போன் பக்கம் குனிந்தது. மாமியார் இருக்கிறார், நான் இருக்கிறேன், ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கிறது... எதையும் பார்க்கவில்லை.

"எப்ப வருவீங்க?"

காரும் இல்லை, டயரும் இல்லை. வெறும் கேள்வி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அது அப்படிக் கேட்டதை நான் பார்த்ததில்லை.

மாமியாருக்கு அது மட்டும் முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது. சட்டென்று எழுந்தார். "அந்த ஸ்பீக்கர அமுத்திட்டு காதுல வச்சிப் பேசுடி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க மாப்பிள்ள, அது எந்த லைட்டுன்னு எனக்குக் காட்டுங்க."

வெளியே வந்தோம். காட்டினேன். குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். உள்ளே வளர்மதியின் குரல் தாழ்ந்து, நின்று, மறுபடியும் தொடங்கியது. மாமியார் முந்தானையால் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார். பிறகு தன் கண்ணையும்.

"உள்ள இருக்கறது எப்பிடி மாப்பிள்ள வெளிய தொடச்சா போவும்?" என்றார். ஆனாலும் நகரவில்லை.

ஒரு மாமியாரும் மாப்பிள்ளையும் இவ்வளவு நேரம் சேர்ந்து ஒரு ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது, எனக்குத் தெரிந்து, கடலூர் மாவட்டத்திலேயே இதுதான் முதல் தடவை!