நனைத்து நீட்டிய அளவுநூல்

அண்மையில் எனக்கு எடுக்கப்பெற்ற பாராட்டு விழாவொன்றில், நடுவுநிலை பிறழாதவன் என்று என்னைப் புகழ்ந்தார்கள். நானும் கைகூப்பி அமர்ந்திருந்தேன். அப்படியொரு சொல்லுக்கு நான் தகுதியற்றவன் என்பதை அறிந்தவர் இருவர். ஒருவர் இன்று இல்லை. மற்றவர் எவரிடமும் சொல்லமாட்டார். ஆதலின் நானே எழுதவேண்டியதாயிற்று.

எண்பதுகளின் இடைப்பகுதியில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்துவந்தேன். என் தெருவிலேயே ஒரு கணக்காசிரியர் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும், கூடத்தில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, பழுப்புக் கம்பளியொன்றை விரித்து, அதனடியில் தடித்த புத்தகங்களைச் செருகிக் குன்றுகள் எழுப்புவார். மதுரையில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கில நூலைக் கொண்டு அவர் வகுத்த போர் விளையாட்டு அது. சிறு கவச ஊர்திகளை முறைவைத்து நகர்த்தவேண்டும்; பகை ஊர்தி எட்டும் தொலைவில் இருப்பின் பகடை உருட்டிச் சுடவேண்டும். அவர் நடுவர். ஆடுவோர் நானும், அவரோடு பள்ளியில் ஒன்றாய்ப் படித்த சின்னாளபட்டி நெசவாளர் ஒருவரும்.

ஊர்திகளை அவரவரே செய்தோம். சேலைப் பெட்டியின் அட்டையை வெட்டி உடலாக்கி, எழுதித் தீர்ந்த பேனா ரீபிளைக் குழலாக்கி, சட்டைப் பொத்தான்களைச் சக்கரங்களாக்கினோம். என் கைவேலை தேறவில்லை.

"யோவ் புலவரே, இது டேங்கியா, சோப்பு டப்பாவா?" என்பார் கணக்காசிரியர்.

"கவச ஊர்தி என்று சொல்லும்."

"நீரு சொல்லிட்டா ஊர்ந்துருமாக்கும்?"

நெசவாளர் செய்தவையோ வேறு பிறவி. அவற்றுள் ஒன்றை அவர் மூன்று மாதம் செய்தார். தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சு பழுதானபோது, அதன் பற்களை வெட்டி வரிசையாய் ஒட்டிச் சக்கரப் பட்டையாக்கினார். சாயத் தொட்டியின் அடிமண்டியில் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் பச்சை தீட்டினார். பின்னர்த் தூரிகையைக் காவியில் தோய்த்து, துணியில் ஏறக்குறைய முற்றும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் பட்டும் படாமலும் இழுத்தார். சாணார்பட்டிச் சாலையில் ஓடிவந்து அப்போதுதான் நின்றதுபோல் அதன்மேல் புழுதி படிந்திருந்தது. அதைக் கண்ட நாள் முதல் அது எனக்கு வேண்டும் என்னும் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. கேட்டால் கொடுத்திருப்பார். கேட்க மனம் ஒப்பவில்லை. வென்றவர் தோற்றவரின் ஊர்திகளுள் விரும்பிய ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் விதி. நான் அவரை ஒருமுறையும் வென்றதில்லை.

மேடுபள்ளத்தில் மர அளவுகோல் வளையாதாகையால் தொலைவை நூலால் அளந்தோம். நெசவாளர் ஒரே நூற்கண்டிலிருந்து இரண்டு நூல்களை முறுக்கி, சுங்குடிச் சேலைக்கு முடிவதுபோல் விரற்கடைக்கு ஒரு முடிச்சாக இருபது முடிச்சிட்டு, ஆளுக்கொன்றாய்க் கொடுத்திருந்தார். இருபதாம் முடிச்சுவரை குண்டு எட்டும் என்பது கணக்கு.

நான் செய்தது இதுதான். என் நூலைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்து, கொல்லையில் ஆணியில் கட்டி, நுனியில் கனத்த பூட்டொன்றைத் தொங்கவிட்டு இரண்டு நாள் காயவிட்டேன். நூல் ஒன்றரை விரற்கடை நீண்டது. கஞ்சி அந்த நீளத்தைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொண்டது. முடிச்சுகளை எண்ணினால் இருபதுதான்.

சித்திரை மாதத்து ஞாயிறு அது. ஆட்டத்தின் இறுதியில் அந்தப் புழுதி படிந்த ஊர்தி குன்றின் விளிம்பில் நின்றது. சுடுகிறேன் என்றேன்.

"இம்புட்டுத் தூரம் எட்டாதேய்யா" என்றார் நெசவாளர்.

"நடுவர் அளந்து பார்க்கட்டும்."

கணக்காசிரியர் என் நூலை விரித்தார். கடைசி முடிச்சு ஊர்தியின் மூக்கைத் தொட்டது. நெசவாளரின் நூல் அவர் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. பகடை எனக்கு ஆறு விழுந்தது. நான் வென்றேன்.

கீழே கிடந்த நூலை வீணாக்காமல் விரல்களில் சுற்றிவைப்பது நெசவாளரின் வழக்கம். என் நூலைச் சுற்றத் தொடங்கியவர் பாதியில் நின்றார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அதை மெல்ல உருட்டினார். நாள்தோறும் கஞ்சியிட்ட பாவுநூலைத் தொட்டு வாழும் கை அது. பிறகு என்னைப் பாராமலே கேட்டார்:

"மழ கிழையில நனைஞ்சிருச்சாய்யா?"

"ஆம். வீட்டுக் கூரை ஒழுகிற்று" என்றேன்.

கணக்காசிரியர் சிரித்தார். "எந்த ஊர்ல வே பேஞ்சது மழ? இங்க குடிக்கவே தண்ணி இல்ல."

"அவுக வீட்டுப் பக்கம் பேஞ்சிருக்கும்" என்றார் நெசவாளர். என் வீடு நான்கு வாசல் தள்ளி இருந்தது. கணக்காசிரியர் என்னைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

நெசவாளர் தம் ஊர்தியைச் சேலைக்கரைத் துண்டு ஒன்றில் சுற்றி என்னிடம் நீட்டினார். "பின்னால ஒரு சக்கரம் செத்த ஆடுது. பசை வச்சுக்கிருங்க."

அடுத்த ஞாயிறு அவர் ஒரே ஒரு நூலைக் கொண்டுவந்தார். "ஒண்ணு போதும்லய்யா, மாத்தி மாத்தி அளந்துக்கிருவோம்." அன்று நான் தோற்றேன். தம் ஊர்தியை அவர் மீட்டுக்கொள்ளலாகாதே என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மேசையில் நோக்கியவர், என் சோப்புப் பெட்டிகளுள் மிகக் கோணலான ஒன்றை எடுத்து, "இது போதும்" என்றார். அதன்பின் தேர்வுத்தாள் திருத்தவேண்டும் என்று சொல்லி நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். ஊர்தி என் புத்தக அலமாரியில் இருக்கிறது. நான் செய்ததென்று எவரிடமும் சொன்னதில்லை. அப்படி எண்ணிக்கொண்டு வியந்தோரை மறுத்ததும் இல்லை.

நெடுங்காலம் சென்றபின் எழுதுகிறேன். முடிச்சின் எண்ணிக்கையோ, சாயம் குழைத்த முறையோ பிழையாய் இருத்தல் கூடும். நெசவறிந்தோர் திருத்தி உதவுக. நெசவாளரின் பேச்சில் நான் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால், அவரைச் சார்ந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன். அவர் எதுவும் அறியாமலே மழையைப் பற்றிக் கேட்டிருக்கக்கூடும் என்று சிலர் அன்பினால் எழுதுவர். அத்திருத்தத்தை மட்டும் என்னால் ஏற்க இயலாது.