தலைகீழாகத் தொங்கிய மெச்

கடுகண்ணாவையில் என் அக்கா, எங்கள் வழக்கில் லாத்தா, வாழ்ந்த வீட்டின் முன்கூடத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு துணி முப்பது வருடத்துக்கு மேலாகத் தலைகீழாகத் தொங்கியது. வெள்ளைத் துணியில் நீல நூலால் தைத்த ஒரே ஒரு கோடு. ஏறும், இறங்கும், ஓரிடத்தில் நீளமாகப் படுத்துக் கிடக்கும், பிறகு மறுபடி எழும்பும். அங்கங்கே சின்னச் சின்னச் சிவப்பு முடிச்சுகள். வீட்டுக்கு வருகிறவர்கள் மலை என்பார்கள், ஆறு என்பார்கள். லாத்தாவின் கணவரான மச்சான் கதிரையைவிட்டு எழும்பாமலே, “அது கிரிக்கெட் மெச். ஓதுற பக்கத்திலேருந்து பாருங்க. நாங்கதான் வென்ற” என்பார். உள்ளேயிருந்து லாத்தா, “பொய். படத்தத் திருப்பிப் போட்டா வென்றதாகுமா?” என்று கேட்பா. அந்த வீட்டில் தேநீருக்கு முன்னால் இந்தச் சண்டைதான் விருந்தாளிக்குக் கிடைக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கண்டியில் இருந்தோம். கீழே வாப்பாவின் துணிக்கடை, மேலே வீடு. நான் கடையில் சீலை கிழித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகம்பறை மைதானத்தில் கிரிக்கெட் ஆடினேன். என் ஆட்டத்தைப் பற்றி நானே சொல்லக் கேட்டால் பெரிய ஆட்டக்காரன்தான். லாத்தா பெரிய பிள்ளையான நாளிலிருந்து வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. மாடி ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்துக்கொண்டு, மைதானத்திலிருந்து வருகிற கூச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பா. நான் வியர்வையோடு படியேறி வந்து “வென்றோம்” என்று சொன்னால் அவவுக்குப் போதாது.

“வென்றது சரி. எப்பிடிப் போன? அதச் சொல்லு.”

நான் சொல்லும் கதையில் என் மட்டைதான் எப்போதும் முன்னால் நிற்கும். மூன்று ஞாயிறு கேட்டுப் பார்த்துவிட்டு, என்னை நம்பிப் பயனில்லை என்று முடிவுசெய்து, ஓட்டக் கணக்கு எழுதின தாளைக் கொண்டுவரச் சொன்னா. லேஸ் ரேந்தை பின்னுவதற்குக் கட்டம் போட்டு வைத்திருந்த தாளில், ஓவருக்கு ஒரு கட்டமாக, எடுத்த ஓட்டங்களைக் கூட்டிக் கூட்டி ஒரு கோடு இழுத்தா. இழுத்து முடித்துவிட்டு முகத்தைச் சுளித்தா. “இது ஏறிக்கொண்டே போகுது. தோத்தவனும் ஏறுறான், வென்றவனும் ஏறுறான். இதில என்ன தெரியும்?” அவ சொன்னது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இன்றைக்கு யோசித்தால், பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய ஒருத்தியின் மூளை எங்கெல்லாம் நடந்துபோயிருக்கிறது என்று பெருமையாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு தாளின் நடுவில் ஒரு கோடு போட்டா. அது சமநிலை. எங்கள் கை ஓங்கினால் நீலக் கோடு மேலே போகும், எதிராளி கை ஓங்கினால் கீழே இறங்கும். விக்கெட் விழுந்த இடத்தில் சிவப்புப் புள்ளி. ஓட்டமும் இல்லை, விக்கெட்டும் இல்லை என்றால் கோடு நேராகப் போகும். ஒன்றும் நடக்காத ஓவர்களை விட்டுவிடலாமே, இடம் மிச்சம் என்று நான் யோசனை சொன்னேன். “ஒண்டும் நடக்காத நேரமும் மெச்தானே” என்றா. அந்த வருடம் கடுகண்ணாவைக்காரர்களோடு நாங்கள் ஆடிய ஆட்டம் கடைசி ஓவர் வரை இழுபட்டு, மயிரிழையில் எங்களுக்கு வந்தது. லாத்தாவுக்கு அந்தக் கோடு அவ்வளவு பிடித்துப்போய் அதைத் துணியில் தைத்தே வைத்துக்கொண்டா.

கொஞ்ச நாளில் அதே கடுகண்ணாவையிலிருந்து லாத்தாவைக் கேட்டு வந்தார்கள். அதற்கு முன் இரண்டு பேச்சு வந்து கலைந்திருந்தது. இதுவும் கலைந்தால் ஊர் வாயை மூட முடியாது என்று உம்மா தொழுகைப் பாயிலேயே கிடந்தா. பெண்கள் உள்ளே போய் லாத்தாவைப் பார்த்தார்கள். கூடத்தில் வாப்பா, நான், மாப்பிள்ளையின் பெரியவாப்பா. அவர் ரயிலில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குத் துணை என்ற சாக்கில் மாப்பிள்ளையும் வந்திருந்தார். அவர் எங்களுக்கு எதிராகப் பந்து போட்டவர் என்பது எங்கள் வீட்டில் எனக்கும், நான் சொன்னதால் லாத்தாவுக்கும் மட்டும் தெரியும். வாப்பா, மகளின் கைவேலை வந்தவர்கள் கண்ணில் படட்டும் என்று, அலுமாரியிலிருந்து கைக்கு அகப்பட்ட துணியை எடுத்து மேசையில் விரித்து அதன்மேல் வட்டிலப்பத் தட்டை வைத்துவிட்டார். பார்த்தால் அந்த மெச் துணி. ஆம்பிளைகள் ஆடும் ஆட்டத்தைக் குமர்ப்பிள்ளை தைத்து வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் தட்டில் கைவைக்காமலே எழும்பிப் போய்விடுவார்கள்.

பெரியவாப்பா குனிந்து பார்த்தார். “இது எந்த மலை? எங்கட கணவாய் போல ஈக்கி.”

பதற்றத்தில் என் வாய் முந்திக்கொண்டது. “மலை இல்ல, மெச்.”

வாப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்து, “மகன் தைச்சது” என்றார். என் காதெல்லாம் சூடேறியது. மாப்பிள்ளை என் கையையும் ஊசித் தையலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்த மெச் என்று கேட்டார். உங்களோடு ஆடினதுதான் என்றேன். பெரியவாப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் பூட்டித் தள்ளினால்தான் ஏறும். ஆயுள் முழுக்க அந்த ஏற்றத்தில் கரி தின்ற மனிதருக்கு மேலே போவதென்றால் பாடுபடுவது, கீழே வருவதென்றால் சுகம்.

“இந்தா ஏறுது. இதில நீங்க நல்லாக் கஷ்டப்பட்டீக்கிறீங்க. இந்தா இறங்குது, இதில நல்லா ஓடீக்கிறீங்க. கடைசில ஒரே ஏத்தம். அப்ப தோத்தது நீங்கதானே மகன்?”

வந்த சம்பந்தத்தோடு வாதாடவா முடியும்? “ஓ, அப்பிடித்தான்” என்று தலையாட்டினேன்.

“இல்ல.” திரைக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். “மேல போறது கண்டி. வென்றது நாங்க.”

உள்ளே உம்மாவின் காப்புகள் ஒருதரம் குலுங்கி நின்றன. வாப்பா தரையைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் குரல் ஆண்கள் இருக்கும் கூடத்துக்கு வருவதென்றால், பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் அந்தக் காலத்தில் அர்த்தம். மாப்பிள்ளை திரைப் பக்கம் திரும்பவில்லை. வட்டிலப்பத் தட்டை மெதுவாக நகர்த்தினார். அடியில் அந்த நீளமான நேர்க்கோடு இருந்தது. அதில் விரலை வைத்து, துணியிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“இந்த இடத்தில ஏன் ஒண்டும் இல்ல? தைச்சவங்க நித்திரையா?”

“அது நீங்க பந்து போட்ட நேரம்” என்றது திரை. “ஒருத்தருக்கும் அடிக்க ஏலாமப் போன நேரம். மைதானத்திலேருந்து ஒரு சத்தமும் வரல்ல.” அதோடு விடாமல், “அடிக்க ஏலாம நிண்டது என்ட தம்பி.”

அந்த மெச்சில் மாப்பிள்ளைக்கு ஒரு விக்கெட்கூட விழவில்லை. தோற்ற அணியில் விக்கெட் எடுக்காதவனின் பந்துவீச்சைப் பற்றி ஊரில் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அவர் விரல் அந்தக் கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனது. பெரியவாப்பா தொண்டையைச் செருமி, “நாங்க சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்தார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இரண்டு முறை பட்ட வீடு எங்களுடையது. உம்மா அழுதா. லாத்தா அழவில்லை. “பிழையா வாசிச்சா எனக்குப் பொறுக்க ஏலா உம்மா” என்று மட்டும் சொன்னா.

மறுவாரமே சம்மதம் வந்தது. கூடவே ஒரு வேண்டுகோள்: பெண்ணோடு அந்தத் துணியும் வர வேண்டும். துணி கடுகண்ணாவைக்குப் போனது, சட்டம் போடப்பட்டது, தலைகீழாக மாட்டப்பட்டது. தலைகீழாக்கினால் மேலே இருப்பது கீழே வரும், தொடக்கம் வலப்பக்கம் போகும். குர்ஆன் ஓதுவதுபோல வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஆட்டமும் முறைப்படி தொடங்கி, கடுகண்ணாவை வென்று முடியும். இதைக் கண்டுபிடித்தது மச்சான். மாட்டுவதற்கு ஆணி பிடித்துக் கொடுத்தது லாத்தா.

போன மாதம் லாத்தா மௌத்தாகி எங்களை விட்டுப் போனா. அவவுக்காகக் குர்ஆன் ஓதும் கத்தத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் கலைந்த பிறகு முன்கூடத்தில் நானும் மச்சானும் மட்டும். பழக்கத்தில் சுவரைப் பார்த்தேன். சட்டத்தை நேராகத் திருப்பி மாட்டியிருந்தார். என்ன மச்சான் என்று கேட்டேன்.

“இனி யாரோட சண்டை பிடிக்கிற?” என்றார். “அவ தைச்ச மாதிரியே ஈக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்தது. அதை அவர் பார்க்காமலிருக்க எழுந்து படத்தின் அருகே போனேன். வழக்கம்போல வலப்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கிவிட்டு, பிழை என்று தெரிந்ததும் இடப்பக்கம் நகர்ந்து நின்றேன்.